ஹார்ட்வயர்டும் ஒரு டம்ளர் தண்ணீரும்

குமாரு,

நீ இப்போதுதான் சட்டையை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போனாய். எங்கே என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை உனக்கு விமானம். பாண்டி பஜாரில் பெட்டி வாங்கியாயிற்று, கம்பளிச் சட்டை வாங்கியாயிற்று, பருப்புப் பொடியும் ஊறுகாயும் கட்டியாயிற்று. அமெரிக்கா போகிறாய் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் எந்த ஊர், யாரோடு தங்குவாய், எத்தனை நாள், அங்கேயே இருந்துவிடுவாயா என்று எதுவும் தெரியாது. மந்தைவெளி மார்க்கெட்டில் காய்க்காரம்மா "அமெரிக்கால எங்கம்மா?" என்று கேட்டால், முருங்கைக்காயைப் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொள்கிறேன். பெற்ற பிள்ளை போகிற ஊர் பெயர் தெரியாதவள் என்று எப்படிச் சொல்வது? ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். சிரித்துவிட்டுப் படி. வாயால் கேட்க முடியாததைக் கேட்பதற்குத்தான் எழுதுகிறேன். கவரை ஒட்டப் போவதில்லை. உன் அப்பா படிக்கட்டும், கீழ்வீட்டுக் கமலா அக்கா படிக்கட்டும், உன் சிநேகிதர்களும் படிக்கட்டும். இதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

ஒரு சொல்லிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஹார்ட்வயர்டு. அந்தச் சொல்லை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான்தான், உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ என்னவோ கம்ப்யூட்டர் கிளாஸில் கற்றுக்கொண்டு வந்ததாக உன் கூட்டாளிகளிடம் சொல்லிக்கொள்கிறாய். நீ ப்ளஸ் டூ படிக்கும்போதே அது நம் சமையற்கட்டில் புழங்கியது ராஜா.

அப்போது நான் அடையாறில், ஒரு பங்களாவின் பின்பக்கத்தில் நடந்த கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அடுக்குமாடிக் கட்டடங்களின் லிப்டுகளுக்குப் பேனல் செய்கிற கம்பெனி. எந்த மாடியில் பொத்தானை அழுத்தினால் எங்கே போய் நிற்க வேண்டும், கதவு திறந்திருந்தால் நகரக்கூடாது என்பதையெல்லாம் லிப்டுக்குச் சொல்கிற பெட்டி அது. உள்ளே திறந்து பார்த்தால் இடியாப்பம் மாதிரி வயர். படத்தைப் பார்த்து ஒவ்வொரு வயராக இழுத்து, சால்டரிங் ராடால் ஈயம் உருக்கிப் பற்றவைப்பது எங்கள் வேலை. எல்லாரும் பெண்கள். பெண்களுக்குத்தான் கையும் பொறுமையும் என்று சொல்லி எங்களை எடுத்தார்கள். சம்பளமும் அதற்குத் தகுந்த மாதிரி குறைவுதான், அது வேறு கதை.

தொண்ணூறு, தொண்ணூற்றொன்று வாக்கில் அங்கே சேகர் என்று ஒரு இன்ஜினியர் சேர்ந்தார். உன்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். அவர் ஒரு புது போர்டு கொண்டுவந்தார். உள்ளங்கை அகலம், நடுவில் மரவட்டை மாதிரி ஒரு கறுப்புச் சில்லு. "அக்கா, இனிமே இதுதான். இதுல தப்பு வந்தா ப்ரோகிராமை மாத்தி எழுதிடலாம். பழைய பேனல் அப்படி இல்ல. அது ஹார்ட்வயர்டு. என்ன செய்யணுங்கிறது வயர்லயே இருக்கு. யாரும் சொல்லவும் வேணாம், அது மறக்கவும் மறக்காது" என்றார். சொல்லவும் வேண்டாம், மறக்கவும் மறக்காது. அதைக் கேட்டவுடன் எனக்கு உன் அப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார். பக்கத்தில் இருந்த மேரியிடம் "எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்றேன். மேரி சிரித்த சிரிப்பில் ஈயம் அவள் புடவையில் சொட்டியது. அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் அந்தச் சொல் மேஜை முழுக்கப் பரவிவிட்டது. ஒருத்தியின் மாமியார் உப்பு அள்ளிப் போடுவது ஹார்ட்வயர்டு. இன்னொருத்தியின் கொழுந்தன் கடன் கேட்பது ஹார்ட்வயர்டு. லிப்டுக்காக இருந்த சொல்லை நாங்கள் டிபன் பாக்ஸ் மூடுவதற்குள் மனுஷர்களுக்கு மாட்டிவிட்டோம்.

அது எங்களுடைய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்தால், எல்லாக் காலத்திலும் இதுதானே நடந்திருக்கிறது. தறி ஓடிய வீட்டில் "நூலைப் போல சேலை" என்றார்கள். ஏட்டில் கீறி எழுதிய காலத்தில் "தலையெழுத்து" என்றார்கள். வயல் வைத்திருந்தவன் "விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா" என்றான். மனுஷன் ஏன் இப்படி இருக்கிறான் என்பது யாருக்கும் புரிவதில்லை. புரியாதபோது கைக்குப் பக்கத்தில் எந்தத் தொழில் இருக்கிறதோ அதிலிருந்து ஒரு வார்த்தையை எடுத்து அந்த ஓட்டையில் அடைத்துவிடுகிறோம். எங்கள் கைக்குப் பக்கத்தில் வயர் இருந்தது. இப்போது ஊரெல்லாம் கம்ப்யூட்டர். சுடிதார் தைக்கிறவளிலிருந்து கல்யாணத் தரகர்வரை எல்லாரும் இதையே பேசுகிறார்கள். போன மாதம் உனக்கு ஜாதகம் கொண்டுவந்த தரகர், "பொண்ணுக்கு அடக்கம் ஹார்ட்வேர்லயே வந்துடுச்சும்மா" என்றாரே, நீ உள்ளே போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாய். காய்க்காரம்மாவும் சொல்லிவிட்டாள், "எம் மவனுக்குச் சோம்பேறித்தனம் ஹார்டுவேர்லயே கீதும்மா, இன்னா செய்ய?" என்று. தலையெழுத்து என்று சொன்னால் பட்டிக்காடு என்பார்கள். இதைச் சொன்னால் படித்த மாதிரி இருக்கிறது. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான், விட்டுவிடு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

உன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்தவர்தான், ஆனாலும் சொல்கிறேன். கோடம்பாக்கத்தில் சினிமா லைட்மேனாக இருந்தவர். வெளியூர்ப் படப்பிடிப்புக்கு அவுட்டோர் யூனிட் வேன் விடியற்காலையில் முனையில் வந்து நிற்கும். பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விடுவார். கல்யாணமான புதிதில் நான் வாசல்வரை ஓடுவேன். கேட்கத்தான் ஓடுவேன். நாக்கு நுனிவரை வரும் கேள்வி, அங்கேயே நின்றுவிடும். ஏனென்றால் வெளியே புறப்படுகிறவரைப் பார்த்து "எங்கே" என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. கேட்டுவிட்டால் போகிறவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி புறப்பட வேண்டும். ராயப்பேட்டையில் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, அச்சகத்துக்குக் கிளம்பிய என் அப்பாவை "எங்கப்பா போறே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் கோபத்தோடு வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பஸ்ஸை விட்டு, லேட்டாகப் போய், முதலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அன்று சாயங்காலம் என் அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இப்போதும் வலிக்கிற மாதிரி இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த வார்த்தை என் வாயில் வந்ததே இல்லை. யாராவது புறப்பட்டால் உதடு தானாக ஒட்டிக்கொள்ளும்.

"எங்கே" கூடாது, ஆனால் "தூரமா?" என்று கேட்கலாம். அதில் தோஷம் இல்லை என்பார்கள். ஆகவே நான் "தூரமா?" என்பேன். அவர் "தூரம்தான்" என்பார். இல்லாவிட்டால் "கிட்டத்தான்" என்பார். எங்கள் குடித்தனத்தில் புறப்படுகிற பேச்சு இவ்வளவுதான் கண்ணு. அவர் திரும்பி வந்த பிறகு நானே கண்டுபிடித்துக்கொள்வேன். பையில் வர்க்கி பிஸ்கட் இருந்தால் ஊட்டி. வேட்டியில் செம்மண் இருந்தால் தெற்கே எங்கோ. ஒருமுறை செருப்புக்குள் கடல் மணல் இருந்தது. எந்தக் கடல் என்று தெரியாமலேயே அதைத் தட்டிக் கொட்டினேன். வந்தபிறகாவது கேட்டிருக்கலாமே என்பாய். போகும்போது கேட்காதவள் வந்தபிறகு எந்த முகத்தோடு கேட்பது? சொல்ல வேண்டுமென்று தோன்றினால் அவரே சொல்லமாட்டாரா என்று நான் வீம்பாக இருந்தேன். அவரும் வாயைத் திறக்கவில்லை. இவர் பிறவியே இப்படி என்று முடிவு கட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் சேகர் சார் வந்து அந்த முடிவுக்கு ஒரு நாகரிகமான பெயரும் கொடுத்தார்.

உன் கதைக்கு வருகிறேன். ஏழாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ காணாமல் போனாய். காலையில் போனவன் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாய். காலெல்லாம் புழுதி. லஸ் தாண்டி, தி.நகர் தாண்டி, கோடம்பாக்கம் பாலம் ஏறி இறங்கி, அப்பா வேலை செய்கிற ஸ்டுடியோ வாசல்வரை நடந்து போய், உள்ளே விடமாட்டேன் என்று சொன்னதும் அப்படியே திரும்பி நடந்து வந்திருக்கிறாய். இது எனக்கு எப்போது தெரியும் தெரியுமா? நீ காலேஜ் போன பிறகு, உன் சிநேகிதன் சொல்லி. அன்று நான் உன் காலைக் கழுவிவிட்டேன், சோறு போட்டேன், நீ தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாய். எனக்குள் பயம், கோபம், எல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தக் கேள்வி பழகாத வாய், கேட்கவில்லை. கமலா அக்கா மட்டும் படியில் நின்றுகொண்டு, "அப்பன் இன்னா மாதிரியோ புள்ளையும் அதே மாதிரி. சொல்லாம கொள்ளாம போறது ரத்தத்துலயே கீது உடு" என்றாள். நீ அதைக் கேட்டாய். சாப்பிடுகிற கை ஒரு நிமிஷம் நின்றதை நான் பார்த்தேன்.

அப்புறம் நீ மீசை முளைத்து, சைக்கிள் வாங்கி, பஸ் டிப்போ பக்கம் ஒரு செட்டு சேர்த்துக்கொண்டு, எப்போது போகிறாய் எப்போது வருகிறாய் என்றே தெரியாமல் ஆனாய். நான் "அப்பா மாதிரியே ஹார்ட்வயர்டு" என்று கேலியாகச் சொன்னேன். உனக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாய். பரீட்சைக்குப் பணம் கட்டியதைச் சொல்லவில்லை, முதல் வேலை கிடைத்ததைச் சொல்லவில்லை, அந்த வேலையை விட்டதைச் சொல்லவில்லை. முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றால், "நான் ஹார்ட்வயர்டும்மா, உட்டுடு" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவாய். நான் கேலிக்குக் கொடுத்த சட்டையை நீ நிஜமாகவே போட்டுக்கொண்டாய். கழற்றவே இல்லை.

இனி நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ காலேஜில் சேர்ந்த வருஷம் ஐப்பசி மழையில் தி.நகர் முழுக்கத் தண்ணீர் நின்றதல்லவா? பனகல் பார்க் பக்கம் ஒரு அடுக்குமாடி. அங்கே எங்கள் லிப்ட்தான். நான் வயர் இழுத்த பேனல். எங்கள் லிப்டுக்கு ஒரு குணம் உண்டு. கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாவிட்டால் எந்த மாடியில் இருந்தாலும் தானாகக் கீழே வந்து நிற்கும். ஆள் வீட்டுக்குள் நுழையும்போது காத்திருக்க வேண்டாம் என்பதற்காக அப்படி. அந்த மழையில் கீழே முழங்கால் தண்ணீர். லிப்ட் பாட்டுக்கு ஆளில்லாமல் இறங்கிப் போய்த் தண்ணீருக்குள் நின்று கெட்டுப்போனது. சரிசெய்தால் அடுத்த மழைக்கு மறுபடியும் அதே. அந்தக் கட்டடத்து அம்மா ஒருவர் கம்பெனிக்கே வந்துவிட்டார். "சும்மா இருந்தா முதல் மாடியில நிக்கச் சொல்லுங்கன்னா, அது ஹார்ட்வயர்டு, மாத்த முடியாதுன்னு மெக்கானிக் சொல்றாரேப்பா" என்றார்.

சேகர் சார் சிரித்தார். "மாத்த முடியாதுன்னு இல்லம்மா. உக்காந்த இடத்துலேர்ந்து மாத்த முடியாது. போயி, திறந்து, எந்த வயர்னு தேடிப் பிடிச்சு, ஒண்ணை வெட்டி ஒண்ணைப் போடணும். அவ்ளோதான்" என்றார். என்னையும் அழைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார். நான் போட்ட வயர் என்பதால் எனக்கே வழி தெரிந்தது. ஒன்றை வெட்டினேன். புதிதாக ஒரு நீல வயரைப் போட்டேன், சேகர் சார் சரிபார்த்தார். அப்புறம் முதல் மாடிப் படியில் உட்கார்ந்து காத்திருந்தோம். மேல்மாடியில் யாரோ லிப்டை விட்டு இறங்கினார்கள், கதவு மூடியது, லிப்ட் சும்மா நின்றது. பிறகு கொர் என்று ஒரு சத்தம். இறங்கி வந்து, எங்களுக்கு எதிரில் முதல் மாடியில் நின்றது. கீழே போகவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது குமாரு. ஏன் என்று அப்போது தெரியவில்லை. அன்று பஸ்ஸில் வரும்போது இதை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். வீட்டில் அப்பாவும் நீயும் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். உன் ஆபீஸ் சிநேகிதன் பாஸ்கர் வந்திருந்தான். நான் உள்ளே வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். "மச்சி, எந்த ஊரு, எந்தத் தெரு, எதையும் நீ வாயத் தொறந்து சொல்றதில்ல. வீட்லயாவது சொன்னியா?" என்று கேட்டான். வழக்கம்போல நீ அந்தச் சொல்லைச் சொல்வாய் என்று பார்த்தேன். நீ அதைச் சொல்லவில்லை. "எங்க வீட்ல யாரும் கேக்க மாட்டாங்கடா. சின்னதுலேர்ந்து கேட்டதில்ல. நான் எங்க போனா அவங்களுக்கு இன்னா?" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். உன் சிரிப்பு எது எப்படி என்று எனக்குத் தெரியாதா?

எனக்கு மாவு அரைப்பது நின்றுவிட்டது. கால் வலிக்கக் கோடம்பாக்கம் போய் வந்த அந்தப் பிள்ளை, யாராவது கேட்பார்கள் என்றுதான் தட்டையே பார்த்துக்கொண்டு அவ்வளவு நேரம் சாப்பிட்டானா? நான் கேட்காதது உனக்குக் கெடுதல் வரக்கூடாது என்று. நீ எடுத்துக்கொண்டது உன்மேல் அக்கறை இல்லை என்று. நடுவில் அந்த ஒரு சொல் வந்து உட்கார்ந்துகொண்டு, அவன் குணம் அப்படி, அவள் குணம் அப்படி என்று எல்லாவற்றையும் மூடிவிட்டது.

செவ்வாய்க்கிழமை நீ ஆபீஸ் போன பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். தோள்பட்டை போய் வேலையை விட்டதிலிருந்து வழக்கமாகிவிட்டபடி, நாலு மணிக்கு உன் அப்பா சட்டை மாட்டிக்கொண்டார். ஒரு காலில் செருப்பும் போட்டாயிற்று. ராயப்பேட்டையில் கிள்ளு வாங்கிய தொடையைப் பிடித்துக்கொண்டு, "எங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"இன்னா?"

"எங்க போறீங்கன்னு கேட்டேன்."

மனுஷர் என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். போட்ட செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "தண்ணி குடு" என்றார். கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, "டிப்போ பக்கத்துல டீக்கடைக்கு. பழைய யூனிட் ஆளுங்க வருவானுங்க. எனக்குத் தோள்பட்டை போச்சே, அதேமாதிரி ஒருத்தனுக்குக் கண்ணு போயிடுச்சு. அவனுக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுவேன்" என்றார். உன் அப்பா தினமும் ஒருவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறார் என்பது உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. பிறகு அவரே பேசினார். செருப்புக்குள் மணல் வந்தது தரங்கம்பாடிக் கடலாம். வெளிச்சத்துக்குக் காத்துக்கொண்டு மூன்று நாள் மணலில் படுத்துக் கிடந்தார்களாம். உன்னை ஒருதரம் அங்கே அழைத்துப் போக வேண்டும் என்று நினைத்தாராம். நான் கேட்டேன், "இத்தனை வருஷமா ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்று. "நீ கேப்பேன்னு பாத்தேன். வாசல்வரைக்கும் ஓடியாருவ, தூரமான்னு கேட்டுட்டு நின்னுடுவ. சரி, இவளுக்கு இதுலல்லாம் இஷ்டமில்ல போலன்னு நானும் உட்டுட்டேன்" என்றார். அன்று டீக்கடைக்குப் போகவே இல்லை. பேசிக்கொண்டே இருந்தார். இவரையா நான் பேசாத மனுஷர் என்று மேஜைக்கு மேஜை சொல்லிச் சிரித்தேன்? எழுந்திருக்கும்போது, "பையன் போற ஊரு பேரு எனக்குத் தெரியாது. நீ கேட்டுச் சொல்லு" என்றார். கேட்க உங்களுக்கு என்ன என்றேன். "பயமா கீது" என்றார்.

பிறவியில் வருவது எதுவுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. உன் கால் பெருவிரல் உன் அப்பாவுடையது. பாகற்காயைக் கண்டால் நீ சுளிக்கிற முகம் என்னுடையது. அதையெல்லாம் அமெரிக்காவிலும் யாரும் மாற்றமுடியாது, மாற்றவும் வேண்டாம். ஆனால் எது கூடப் பிறந்தது, எது யாரோ ஒருத்தி உட்கார்ந்து பற்றவைத்தது என்று திறந்து பார்க்காமலே நாம் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டோம். நீ இப்போது போவதே எதற்கு? இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் தடுமாறும், வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதிப் பழக்கிவிட்டார்கள், அதைத் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும் என்று பாஸ்கர் சொன்னான். மெஷினுக்குப் பழக்கிய பழக்கத்தை மாற்றக் கடல் தாண்டிப் போகிறவன், உனக்குப் பழக்கியதை மட்டும் ரத்தம் என்று நம்புகிறாயே. நாளைக்கு உனக்கு ஒருத்தி வருவாள், அவள் எங்கே போகிறாள் என்று கேள். உனக்குப் பிள்ளை பிறக்கும், புழுதிக் காலோடு வந்தால் கேள். அவனுக்கு எந்தப் பெயரும் வைக்காதே. வைத்தால் போட்டுக்கொள்வான்.

எனக்குப் பெரிய ஆசைகள் இல்லை. நீ அங்கே வேலை செய், சம்பாதி, நன்றாக இரு. மேலே எத்தனை மாடி ஏறினாலும் சும்மா இருக்கிற நேரத்தில் தானாக வந்து நிற்கிற அந்த லிப்டை இப்போதெல்லாம் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அப்படி ஒரு வயரை உனக்கும் போட்டு வைத்திருக்கலாமே என்று மனது அடித்துக்கொள்கிறது. நீ போன பிறகு உன் கட்டிலில் காயவைத்த துணியை மடித்து வைப்பேன். உன் சைக்கிளைத் துடைப்பேன். சாயங்காலம் படியில் யார் ஏறினாலும் நிமிர்ந்து பார்ப்பேன். இதெல்லாம் எனக்கு இப்போதே தெரிகிறது. உன்னை விட்டுவிட்டு இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. இதையும் ஒருநாளும் நான் சொன்னதில்லை, சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வாசலில் டாக்சி வந்து நிற்கும். கமலா அக்கா ஆரத்தித் தட்டோடு நிற்பாள், பாஸ்கரும் மற்றப் பிள்ளைகளும் பெட்டியை இறக்குவார்கள். நீ ஷூ போட்டுக்கொண்டு படி இறங்குவாய். நான் "தூரமா?" என்று கேட்கப் போவதில்லை. எல்லார் எதிரிலும், "எங்கடா போறே?" என்று கேட்கப் போகிறேன். கமலா அக்கா தலையில் அடித்துக்கொள்வாள், "பொறப்படற நேரத்துல இன்னா கேள்விடி இது?" என்பாள். அடித்துக்கொள்ளட்டும். நீ அதற்குப் பயப்படாதே, அதற்குப் பரிகாரம் இருக்கிறது. மேலே ஏறி வர வேண்டும். ஷூவைக் கழற்ற வேண்டும். உன் அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிற நாற்காலியில் உட்கார வேண்டும். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பேன். ஊர் பெயர், தெரு பெயர், யாரோடு இருக்கப் போகிறாய், எப்போது வருவாய், எல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டு, அப்புறம் புறப்படு. விமானத்துக்கு நேரமாகிவிடும் என்று சொல்வாய், அதனால் டாக்சியைச் சீக்கிரமே வரச் சொல்லிவிட்டேன்.

பெரிய டம்ளராக எடுத்து வைத்திருக்கிறேன். மெதுவாகக் குடி கண்ணு.

அம்மா